‘வெல்பெயர்’: மேசைக்குப் பின்னால் இருப்பவர்

பிரெடரிக் வைஸ்மனின் ‘வெல்பெயர்’ (1975) என்னும் விவரணப்படம், நியூயோர்க் நகரின் நலன்புரி அலுவலகமொன்றினுள் பார்வையாளரை இரண்டே முக்கால் மணி நேரம் இருத்திவிடுகிறது. வருணனைக் குரல் இல்லை, பேட்டியும் இல்லை. வருவோர் காத்திருக்கின்றனர், வாதிடுகின்றனர், வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பப்படுகின்றனர். ஈழத்துப் பேச்சுவழக்கில் ‘பிச்சைச் சம்பளம்’ என்று கூசாமற் சொல்லப்படும் உதவிப்பணத்துக்கு எத்தனை சான்றுப்பத்திரங்களும் எவ்வளவு மானமும் விலையாகின்றன என்பதை இத்துணைப் பொறுமையோடு காட்டிய படங்கள் அரியன.

மேசைக்குப் பின்னாலிருக்கும் உத்தியோகத்தரையும் வைஸ்மன் கொடியவராகக் காட்டவில்லை. அவர் களைத்தவர், விதிகளை ஒப்புவிப்பவர், சிலவேளை இரக்கமுடையவர். ஆனால் அவருக்கு வரலாறு இல்லை. குறை இங்கேதான் தொடங்குகிறது.

1965 சனவரியில் இந்நகரின் நலன்புரி ஊழியர் ஏறத்தாழ 8,000 பேர் 28 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அரச ஊழியரின் வேலைநிறுத்தத்தை அன்றைய சட்டம் தடைசெய்திருந்தது. சங்கத் தலைவர்கள் சிறை சென்றனர். அவர்கள் கேட்டது சம்பள உயர்வு மட்டுமன்று. ஓர் ஊழியரின் பொறுப்பில் 60 கோவைகளுக்கு மேல் இருத்தலாகாது என்றும், உதவி பெறுவோருக்கு உடைக் கொடுப்பனவு தாமாகவே கிடைக்கவேண்டும் என்றும் கேட்டனர். வேலைச்சுமை குறைந்தாற்றான் எதிரே இருப்பவரின் கதையைக் கேட்க நேரம் கிடைக்கும். ஆகவே இது மேசையின் இரு புறத்தாருக்கும் பொதுவான கோரிக்கை. படத்திலோ இரு புறத்தாரும் ஒருவருக்கொருவர் எதிரிகளாகவே எஞ்சுகின்றனர்.

கமெராவின் முன் நிகழாததை எவ்வாறு காட்டுவது என்று வினவலாம். நியாயமான வினாவே. எனினும் நிகழ்ந்தவற்றுள் எதனைத் தெரிந்து எங்கே வைப்பது என்பது இயக்குநரின் முடிவாகும். 1970களின் தொடக்கத்தில் உதவிப்பணம் வழங்கும் வேலையைச் சமூகசேவை வேலையிலிருந்து பிரித்து இலிகிதரிடம் ஒப்படைத்தனர். விண்ணப்பம் யாருடைய பொறுப்பு என்று ஊழியர் தமக்குள்ளே வாதிடுவதன் பொருள், இந்தப் பிரிப்பை அறிந்தவருக்கே முழுமையாக விளங்கும். அறியாதவர் அதனை அதிகாரிகளின் இயல்பான அசமந்தமென்றே கொள்வார்.

படத்தின் முடிவில் ஒருவர் கடவுளோடு பேசுகிறார். கோடோவைப் பற்றியும் பேசுகிறார். காட்சி மனத்தை உலுக்குவது உண்மை. ஆனால் அதனை இறுதியில் வைத்ததனால், காத்திருத்தல் மனித வாழ்வின் மாறாத் துயரமாக உயர்த்தப்படுகிறது. எட்டு, பத்து ஆண்டுகளுக்கு முன் அதே நகரின் ஊழியர் அதனை ஒருவருக்கு எத்தனை கோவைகள் என்ற கணக்காகக் கண்டு, அக்கணக்கை மாற்றக் கோரித் தெருவில் நின்றனர்.