முதுகு மட்டும் தெரிந்த கார்

ஒரு படைப்பை மதிப்பிடப் பல அளவுகோல்கள் உண்டு. அது எத்தனை காலம் நினைவில் தங்குகிறது என்பது அவற்றுள் ஒன்று. அது காட்டிய பொருளை வாழ்வில் நேருக்கு நேர் காண நேரும்போது நம்முள் என்ன நிகழ்கிறது என்பது மற்றொன்று. இந்த இரண்டாம் அளவுகோலைக் கையாளும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதில்லை. எனக்கு அது கிட்டியது. ஆயின் ஒரு காவியத்தின் வழியாகவோ ஓவியத்தின் வழியாகவோ கிட்டவில்லை. காசு போட்டு ஆடும் ஒரு வீடியோ விளையாட்டின் வழியாகவே கிட்டியது. சிறுபிள்ளை விளையாட்டைத் திறனாய்வுப் பக்கங்களில் வைக்கலாமா என வாசகர் வினவக்கூடும். ஒரு தலைமுறைச் சிறுவர்களின் ஆசைக்கு உருவம் கொடுத்த எதுவும் திறனாய்வுக்கு உரியதே என்பது என் துணிபு.

ஜப்பானைச் சேர்ந்த சேகா நிறுவனம் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட 'அவுட் ரன்' என்பதே அவ்விளையாட்டு. அதை உருவாக்கியவர் யூ சுசுகி. கண்டம் முழுவதும் கார்கள் பாய்ந்து செல்லும் ஓர் அமெரிக்கத் திரைப்படமே அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. எனினும் அமெரிக்க நெடுஞ்சாலைகள் மிக நீண்டு, காட்சி மாற்றம் குறைந்து கிடப்பதாக அவருக்குப் பட்டது. ஆகவே ஐரோப்பாவுக்குச் சென்றார். ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்து, மத்தியதரைக் கடற்கரை வழியே இத்தாலிவரை ஓட்டிச்சென்று, கண்டவற்றையெல்லாம் படம் எடுத்தார். அப்பயணத்தில் மொனாக்கோவில் அவர் கண்ணில் பட்டதுதான் சிவப்பு ஃபெராரி டெஸ்டரோசா. நாடு திரும்பியபின், ஜப்பானில் அக்காரை வைத்திருந்த ஒருவரைத் தேடிச்சென்று, பல கோணங்களில் படம் பிடித்து, இயந்திரத்தின் ஓசையையும் பதிவு செய்துகொண்டார்கள். ஆக, அவ்விளையாட்டுக்கு அடிப்படையாக அமைந்ததும் ஒரு நேரடிக் காட்சியே. காரை முதலில் கண்டு வியந்தவர் அதைப் படைத்தவர். அவருடைய வியப்பையே நாம் காசு கொடுத்து வாங்கினோம்.

நான் அதைக் கண்டது சிங்கப்பூரில், ஒரு கடைத்தொகுதியின் விளையாட்டரங்கில். அப்போது எனக்குப் பத்து வயது. கப்பல் பட்டறையில் வேலை செய்த என் அண்ணன் ஞாயிறு மாலைகளில் என்னை அங்கு அழைத்துச் செல்வார். காரின் இருக்கையைப் போலவே அமைந்த பெட்டி அது. திருப்பினால் பெட்டியே சாயும், மோதினால் குலுங்கும். நான் உள்ளே அமர்வேன். அண்ணன் வலப்பக்கம் நின்று, பெட்டியின் விளிம்பைப் பற்றிக்கொள்வார். திரையில் தெரிந்த ஓட்டுநர் இடப்பக்கம் அமர்ந்திருப்பதைக் கண்டு, "தப்பான பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறான், பார்" என்று அவர் ஒவ்வொரு முறையும் சிரிப்பார். சிங்கப்பூர்ச் சாலைகளை மட்டுமே அறிந்திருந்த எங்களுக்கு அது பெரிய வேடிக்கை.

விளையாட்டின் அமைப்பைச் சற்று நோக்குவோம். தொடங்குமுன் ஒரு வானொலிப் பெட்டி தோன்றும். மூன்று இசைகளுள் ஒன்றை நாமே தேர்ந்துகொள்ளலாம். ஹிரோஷி கவாகுச்சி அமைத்த அந்த மூன்று இசைகளும், வெற்றிக்கு முழங்கும் இசையாக இல்லாமல், விடுமுறைப் பயணத்தின் இசையாகவே ஒலிக்கும். பின்னர்ச் சாலை திறக்கும். இது பந்தயமன்று என்பது உடனே விளங்கிவிடும். முந்தவேண்டிய எதிரி எவருமில்லை. சாலையில் செல்லும் பிற வண்டிகள் நம்மோடு போட்டியிடுவதில்லை. அவை தம் வழியே செல்கின்றன. நமக்குள்ள ஒரே பகை காலம். குறித்த நொடிகளுக்குள் அடுத்த எல்லையைத் தொட்டால் மேலும் சில நொடிகள் கிடைக்கும். தவறினால் பயணம் முடியும்.

ஒவ்வோர் எல்லைக்கு முன்பும் சாலை இரண்டாகப் பிரியும். மொத்தம் 15 நிலப்பகுதிகள். ஒரு பயணத்தில் நாம் காண்பது 5 மட்டுமே. நான்கு பிரிவுகளில் நாம் கொள்ளும் முடிவுகளால் 16 வழிகள் உண்டாகின்றன. அவை ஐந்து முடிவிடங்களில் சென்று சேர்கின்றன. கடற்கரையில் தொடங்கும் சாலை பாலைவனத்துக்கோ, மலைக்கோ, கோதுமை வயலுக்கோ, திராட்சைத் தோட்டத்துக்கோ நம்மைக் கொண்டு செல்லும். பொதுவாக இடவழி எளிது, வலவழி கடினம். இந்த அமைப்பில் ஓர் ஆழ்ந்த உண்மை பொதிந்திருக்கிறது. ஒரு வழியைத் தேர்ந்தவன் மற்றதை இழக்கிறான்; இழந்ததன் அழகு என்னவென்று அறியாமலேயே இறுதிவரை செல்கிறான். ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு வரைபடம் தோன்றி, நாம் வந்த வழியை மட்டும் கோடிட்டுக் காட்டும். பத்து வயதில் அதன் பொருள் புரியவில்லை. இன்று அந்த வரைபடமே அவ்விளையாட்டின் மிகச்சிறந்த காட்சி எனக் கருதுகிறேன்.

இனி, காரைப் பற்றி. திரையில் அந்தக் கார் நகர்வதே இல்லை என்பது நோக்கத்தக்கது. அது எப்போதும் திரையின் கீழ்ப்பாதியில், ஏறக்குறைய நடுவில், அசையாமல் நிற்கிறது. உலகமே அதை நோக்கி ஓடிவருகிறது. தொலைவில் புள்ளியாகத் தோன்றும் தென்னை, கணந்தோறும் பெரிதாகி, நம் தோளை உரசுவதுபோல் கடந்து மறைகிறது. தட்டையான படத்துண்டுகளை மிக விரைவாகப் பெரிதாக்கிக் காட்டும் சேகாவின் பொறியமைப்பே இந்த மாயத்தைச் செய்தது. ஆழம் என்பது அங்கு உண்மையில் இல்லை. சாலையும் மேடும் பள்ளமும் யாவும் கண்ணை ஏமாற்றும் ஏற்பாடுகளே. எனினும், அன்றைய வேறெந்த விளையாட்டும் தராத வேக உணர்வை அது தந்தது.

இதன் விளைவு ஒன்றை நான் அப்போது எண்ணிப் பார்த்ததில்லை. ஆடும்போதெல்லாம் எங்கள் கண்முன் நின்றது அந்தக் காரின் முதுகு மட்டுமே. அகன்ற பின்புறம், அதன் குறுக்கே ஓடும் கருநிறப் பட்டைகள், திறந்த மேற்பகுதி, இரண்டு தலைகள், காற்றில் பறக்கும் ஒரு பெண்ணின் பொன்னிறக் கூந்தல். இவ்வளவே எங்கள் கனவுக் கார்.

குறைகளையும் கூறாமல் விடலாகாது. அருகில் அமர்ந்திருக்கும் அப்பெண்ணுக்கு இவ்விளையாட்டில் ஓர் அணிகலனுக்குரிய மதிப்பே தரப்பட்டிருக்கிறது. அவள் வழி சொல்வதில்லை, ஓட்டுவதுமில்லை. வண்டி கவிழ்ந்தால் இருவரும் தூக்கி எறியப்பட்டு, காயமின்றிச் சாலையில் அமர்ந்திருப்பர். அடுத்த கணமே கார் புதிதுபோல் வந்து நிற்கும். பிழைக்கு விலை இல்லாத உலகம் அது. வெடித்துச் சிதறும் கார்களைச் சுசுகி விரும்பவில்லை என்பதை அறியும்போது இதை ஓரளவு மன்னிக்கத் தோன்றுகிறது. ஆயினும், வேகத்துக்கு விளைவு உண்டு என்பதை ஒரு சிறுவன் அங்கிருந்து கற்றுக்கொள்ள வழியில்லை.

உண்மையான டெஸ்டரோசா 1984ஆம் ஆண்டு பாரிஸில் அறிமுகமானது. அப்பெயருக்கு இத்தாலிய மொழியில் 'செந்தலை' என்று பொருள். இயந்திரத்தின் தலைமூடிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசியதால் வந்த பெயர் அது. காரின் வெளி நிறத்தைக் குறித்ததன்று. ஓட்டுநருக்குப் பின்னால் 4.9 லிட்டர் கொள்ளளவுள்ள 12 உருளை இயந்திரம் படுத்த நிலையில் இருக்கிறது. பக்கங்களில் ஓடும் நீண்ட பட்டைகளைப் பலரும் வெறும் அலங்காரம் எனக் கருதுவர். இதற்கு முந்தைய காரில், முன்புறத்திலிருந்த குளிர்விப்பானுக்கும் பின்புற இயந்திரத்துக்கும் இடையே வெந்நீர்க் குழாய்கள் ஓடியதால், உள்ளே அமர்ந்தவர்கள் வெப்பத்தால் தவித்தனர். அதைத் தவிர்க்கவே குளிர்விப்பான்களை இரு பக்கங்களுக்கும் மாற்றினர். அதற்குப் பெரிய காற்றுவாய்கள் தேவைப்பட்டன; அத்தகைய திறந்த வாய்களைச் சில நாடுகளின் விதிகள் ஏற்கவில்லை. ஆகவே பட்டைகளால் மூடினர். பின்புறம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகன்றதற்கும் அதுவே காரணம். தேவையிலிருந்து பிறந்த வடிவம் ஒரு காலத்தின் அழகுச் சின்னமாயிற்று.

இங்குதான் வியப்புக்குரிய செய்தி ஒன்று குறுக்கிடுகிறது. விற்பனைக்கு வந்த டெஸ்டரோசா கூரையுள்ள கார். விளையாட்டில் வருவதுபோலத் திறந்த கூரையுடைய டெஸ்டரோசாவை ஃபெராரி நிறுவனம் தன் விற்பனை வரிசையில் வைக்கவே இல்லை. அதிகாரபூர்வமாக ஒன்றே ஒன்றைச் செய்தது. ஃபியட் நிறுவனத்தின் தலைமையில் 20 ஆண்டுகள் நிறைவு செய்த ஜியான்னி ஆன்யெல்லிக்காக, விளையாட்டு வெளியான அதே 1986ஆம் ஆண்டில் அது செய்யப்பட்டது. அதுவும் சிவப்பன்று, வெள்ளி நிறம். வெள்ளியின் வேதியியல் குறியீடும் அவர் பெயரின் முதலிரு எழுத்துகளும் ஒன்றே என்பதால் அந்நிறம். தனியார் பட்டறைகள் சில, கூரையை வெட்டித் திறந்த கார்களாக மாற்றிக் கொடுத்ததுண்டு. ஆனால் நாங்கள் ஞாயிறுதோறும் ஓட்டிய சிவப்புத் திறந்த கார் எந்தக் கடையிலும் வாங்க முடியாத ஒன்று.

2018ஆம் ஆண்டு அலுவல் காரணமாக வட இத்தாலி சென்றிருந்தேன். மோதெனா நகரின் ஒரு தெருவில், காலை வெயிலில், தாழ்ந்த சிவப்புக் கார் ஒன்று நின்றிருந்தது. அழகிய கார் என எண்ணியபடி கடந்து போனேன். முன்புறம் எனக்கு எதையும் நினைவூட்டவில்லை. பக்கத்துப் பட்டைகளைக் கண்டபோது ஏதோ உறுத்தியது. இரண்டடி தாண்டித் திரும்பிப் பார்த்தேன். அகன்ற பின்புறம், குறுக்கே ஓடும் கரும்பட்டைகள். கால்கள் நின்றுவிட்டன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் அறிந்திருந்த முதுகு அது. என் கனவுக் காரின் முகத்தை நான் அதற்குமுன் கண்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அது என் இடுப்பளவே உயரமிருந்தது. சிறுவனாகப் பெட்டிக்குள் தாழ அமர்ந்து நோக்கியதை, இப்போது குனிந்து நோக்கவேண்டியிருந்தது. கூரை இருந்தது. அது சற்றே ஏமாற்றம் அளித்தது என்பதை மறைப்பதற்கில்லை. கண்ணாடி வழியே உள்ளே பார்த்தேன். பழந்தோல் இருக்கைகள் இரண்டு. வலப்பக்க இருக்கையில் ஒரு முதியவரின் தொப்பி கிடந்தது. கடையிலிருந்து வெளியே வந்த உரிமையாளர் என் நிலையைக் கண்டு புன்னகைத்தார். எங்களுக்குப் பொதுவான மொழி இல்லை. கதவைத் திறந்து, தொப்பியை எடுத்துவிட்டு, அமரும்படி கைகாட்டினார்.

நான் அமரவில்லை. காரணத்தை அவருக்கு விளக்க என்னிடம் சொற்கள் இருந்திருந்தாலும் விளக்கியிருக்க மாட்டேன். அண்ணன் 2011இல் காலமானார். பெட்டியின் வலப்பக்கம் நின்று, சாலை பிரியும் ஒவ்வொரு முறையும், "வலது பக்கம் போடா, கஷ்டமாக இருந்தாலும் பார்த்துவிடலாம்" என்று சொன்னவர் அவர். திரையில் இருந்த பெண் சொல்லாத வழியை எனக்குச் சொன்னவர் அவரே. ஒவ்வொரு ஞாயிறும் அவர் பையிலிருந்து எத்தனை காசு செலவாயிற்று என்று நான் கேட்டதில்லை. அன்று அந்த இருக்கையைக் கண்டபோது, இத்தனை ஆண்டுகளாக நான் விரும்பியது காரைத்தானா என்ற ஐயம் எழுந்தது.

அந்த ஐயத்துக்கு விளையாட்டின் பிற்கால வரலாறே ஒரு விடை தருகிறது. முதல் 'அவுட் ரன்' ஃபெராரியின் உரிமம் பெறாமலே அக்காரின் உருவத்தைக் கையாண்டது. 2003இல் வந்த இரண்டாம் பாகம் உரிய உரிமத்துடன் வந்தது. அதன் வழிவந்து இணையத்தில் விற்கப்பட்ட ஒரு பதிப்பு, உரிமக்காலம் முடிந்தமையால் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. முதல் விளையாட்டைப் புதிய கருவிகளுக்காக மீண்டும் வெளியிட்டபோது, காரின் உருவத்தைச் சற்றே மாற்றினர். அந்த மறுபதிப்பை நானும் ஆடிப்பார்த்தேன். கார் வேறு, ஆயினும் சாலை அதே சாலை. கடற்கரை, தென்னைகள், வானொலி, சாலையின் பிரிவு யாவும் அப்படியே இருந்தன. எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை.

இதிலிருந்து நான் பெறும் முடிவு இது. 'அவுட் ரன்' ஒரு காரைப் பற்றிய படைப்பு என்று கருதுவோர் அதன் மேற்பரப்பையே காண்கின்றனர். காரை அது முதுகுப்புறமாக மட்டுமே காட்டியதற்குக் காரணம், கண் பார்க்கவேண்டியது காருக்கு அப்பால் விரியும் வழியே என்பதுதான். படைத்தவர் இதை எண்ணிச் செய்தாரா என்பது முக்கியமன்று. படைப்பு இதைச் செய்கிறது. உடைமையின் ஆசையைத் தூண்டுவதுபோல் தொடங்கி, பயணத்தின் ஆசையையும், துணையின் தேவையையும் நமக்குள் விட்டுச்செல்கிறது. அதனாலேயே பெண்ணை ஊமையாக்கிய குறையும், விளைவில்லா வேகம் என்ற குறையும் இருந்தும், அது நிலைத்திருக்கும் தகுதி பெறுகிறது.

கனவில் கண்ட பொருளை நேரில் காண்பவன் ஏமாறுவான் என்பது பழகிய கூற்று. நான் ஏமாறவில்லை. கார் புறப்படும்வரை அத்தெருவிலேயே நின்றிருந்தேன். இயந்திரம் உறுமியது, கார் மெல்ல நகர்ந்து, தெருமுனையில் ஒரு கணம் நின்றது. இடமும் வலமும் வழி பிரியும் இடம் அது. முதியவர் வலப்பக்கம் திரும்பினார்.