எங்கே தோற்கும் என்று பாருங்கள்

கரும் ஆற்றலை இதுவரை யாரும் நேரடியாக அளந்ததில்லை. 1998-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அளந்தது ஒளியைத்தான். ஒன்று-ஏ வகை சூப்பர்நோவாக்கள் ஏறத்தாழ ஒரே அளவு பிரகாசத்தோடு வெடிப்பவை. வெள்ளைக் குள்ள விண்மீன்களுக்குச் சந்திரசேகர் கணித்த 1.4 சூரிய நிறை வரம்பை ஒட்டி அவற்றின் வெடிப்பு நிகழ்வதாகக் கருதப்படுவது அதற்கு ஒரு காரணம். தொலைவில் இருந்த அந்த வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிந்தன. மங்கலிலிருந்து தொலைவு, தொலைவிலிருந்து அண்ட விரிவின் வரலாறு, அந்த வரலாற்றை ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் பொருத்தினால் விரிவைத் துரிதப்படுத்தும் ஒரு ஆற்றல். இப்படிப் படிப்படியாக வந்த முடிவுதான் கரும் ஆற்றல். மாற்றுக் கோட்பாடு ஒவ்வொன்றும் இதில் ஏதோ ஒரு படியை அசைக்கப் பார்க்கிறது. எந்தப் படியை அசைக்கிறது, அதற்காக எதைப் பணயம் வைக்கிறது என்று கவனித்தால்தான் அதன் சுவை தெரியும். எந்த அளவீடு வந்தாலும் வளைந்துகொடுத்துத் தப்பிக்கும் கோட்பாட்டில் ரசிக்க ஒன்றுமில்லை.

மிக எளிய மாற்று, வழியில் தூசி இருக்கிறது என்பது. எல்லா நிறங்களையும் சமமாக மறைக்கும் சாம்பல் தூசி என்றால், தொலைவு கூடக் கூட மங்கலும் கூடிக்கொண்டே போகவேண்டும். ஹபிள் தொலைநோக்கி கண்ட மிகத் தொலைவுச் சூப்பர்நோவாக்கள் அப்படி மங்கவில்லை. தூசியின் கதை அதோடு முடிந்தது.

ஈர்ப்பு விதியையே திருத்துவது இதைவிடத் துணிச்சலானது. அதற்கு வரலாற்றில் நல்ல முன்னுதாரணம் உண்டு. யுரேனஸின் தடுமாற்றத்தைக் கண்ட வானியலாளர் லெவெரியே, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்றார். 1846-இல் நெப்டியூன் அகப்பட்டது. புதனின் தடுமாற்றத்துக்கும் அதே வழியில் ஒரு கோளைக் கற்பித்தார். அது கிடைக்கவே இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியைத் திருத்தியபோதுதான் கணக்கு நேரானது. ஆக, கரும் ஆற்றல் நெப்டியூனா, கிடைக்காத அந்தக் கோளா என்பதை முன்கூட்டியே சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் திருத்தியவர்கள் கொடுத்த விலை பெரிது. 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பு அலையும் காமா கதிரும் 1.7 வினாடி இடைவெளியில் பூமிக்கு வந்து சேர்ந்தன. ஈர்ப்பு ஒளியின் வேகத்தில்தான் செல்கிறது என்பது அதனால் உறுதியானது. வேறு வேகத்தைக் கணித்த கோட்பாடுகள் கூட்டமாகச் சரிந்தன. இவ்வளவு சுத்தமான தோல்வி அறிவியலில் அபூர்வம். தோற்ற கோட்பாடுகளுக்கும் அதில் பெருமை உண்டு, தோற்கக்கூடிய இடத்தில் அவை நின்றதால்.

நியூசிலாந்தின் டேவிட் வில்ட்ஷயர் 2007-இல் வேறொரு படியைப் பிடித்தார். விண்மீன் மண்டலங்கள் நெருங்கிய பகுதிகளும் பெரும் வெற்றிடங்களும் கலந்த அண்டத்தை ஒரே சீராக எண்ணிக் கணக்கிடுவதே பிழை என்கிறார். வெற்றிடத்துக் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட வேகமாக ஓடுவதால், விரிவு துரிதமாவதுபோல் நமக்குத் தோன்றுகிறதாம். ஈர்ப்பால் வரும் கடிகார வேறுபாடு லட்சத்தில் ஒரு பங்குதானே, இவர் கேட்பதோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்பது வலுவான ஆட்சேபம். பல நூறு கோடி ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் சேர்ந்தது அது என்பது அவர் பதில். 2024 டிசம்பரில் வந்த சூப்பர்நோவா ஆய்வு ஒன்று அவர் பக்கம் சாய்ந்தது. அண்டப் பின்னணி நுண்ணலையும் விண்மீன் மண்டலங்களின் பரவலும் அதே துல்லியத்தில் பொருந்தும்வரை எனக்கு அது போதாது.

எல்லாம் தோற்கின்றன என்றால் ஐன்ஸ்டைனின் அண்ட மாறிலியை ஏற்றுக்கொண்டு போகலாமே என்று கேட்கலாம். ஏற்கலாம், ஆனால் அதுவும் நிம்மதி தருவதில்லை. அந்த மாறிலி குறிக்கும் வெற்று வெளியின் ஆற்றலைக் குவாண்டம் கணக்கில் தோராயமாகப் போட்டால், காணப்படுவதைவிட 1-க்குப் பின்னால் 120 சுழி போட்ட மடங்கு அதிகமாக வருகிறது. போதாததற்கு, அரிசோனாவிலிருந்து இயங்கும் டெசி ஆய்வு 2024, 2025-இல் வெளியிட்ட முடிவுகள், கரும் ஆற்றல் காலத்தோடு மாறுவதாக ஜாடை காட்டுகின்றன. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் உறுதி அதற்கு இன்னும் வரவில்லை.

ஆகவே ‘கரும் ஆற்றல் இல்லை’ என்று செய்தி வந்தால், ஒரே ஒரு தரவைத்தான் விளக்குகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, விண்மீன் மண்டலக் கொத்துகள் எவ்வளவு வேகமாகத் திரண்டன என்று அது கணிக்கிறதா என்று பாருங்கள். திருத்திய ஈர்ப்பும் கரும் ஆற்றலும் ஒரே விரிவு வரலாற்றைத் தரலாம், ஆனால் பொருள் திரளும் வேகம் பொதுவாக இரண்டிலும் வேறுபடும். 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் தொலைநோக்கி அளப்பது விரிவின் வரலாறு, திரளும் வேகம் ஆகிய இரண்டையும்தான்.