சீற்றம் என்ற சொல்லுக்குப் பின்னால்

ஜெகதளாவில் எங்கு திரும்பினாலும் தேயிலைச் சரிவுகள். சமவெளியிலிருந்து வரும் எழுத்தாள நண்பர்கள் பார்த்த மாத்திரத்தில் 'என்ன இயற்கை!' என்பார்கள். இயற்கை இல்லீங்க, இது தோட்டம் என்பேன் நான். சோலையும் புல்வெளியும் சாமைக் காடும் இருந்த மலையில் காலனியம் கொண்டுவந்த ஒற்றைப் பயிர் இது. நாம் ரசிக்கிற பச்சையே ஒரு அழிவின் தடம்.

2009 நவம்பர் 10இல் பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவாயிற்று. அந்த மழையிலும் மண்சரிவிலும் மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதையொட்டி நான் வாசித்த கவிதைகளில் திரும்பத் திரும்ப வந்தது 'இயற்கையின் சீற்றம்'. இந்தச் சொல்லாடல் யாருக்கு வசதி? சோலையை அழித்தவர் யார், சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்பியவர் யார், மண்திட்டின் ஓரத்தில் குடியிருப்பவருக்கு வேறு இடம் ஏன் இல்லை என்ற கேள்விகளையெல்லாம் அது துடைத்துவிடுகிறது. மண் சரிவது ஒரு ராத்திரிக் காரியம்தான். சரியத் தயாராவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நம் இலக்கியம் அந்த ராத்திரியை எழுதுகிறது, வருஷங்களை விட்டுவிடுகிறது.

ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' (1963) அந்த வருஷங்களை எழுதிய நாவல். மண்ணை விடாத ஜோகி, பணத்தைத் தேடிப் போகும் ரங்கன் என்று ஒரு படகர் குடும்பத்துக்குள்ளேயே மாற்றத்தின் பிளவு நிகழ்கிறது. பேரிரைச்சல் எதுவுமில்லை, பயிர் மாறுகிறது, உறவு மாறுகிறது. வெளியாள் பார்வை என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் ஒரு மௌனம் இருக்கிறது. ஹட்டியின் இழப்பு மையமாக நிற்கையில், கூலிக்குக் கொழுந்து பறிக்கும் கை ஓரத்துக்குப் போய்விடுகிறது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டவர்களை அந்த நாவல் எழுதியிருக்க முடியாது. நாம் எழுதியிருக்கலாமே?

வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ', இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது 2007இல். தமிழ்க் கூலிகளின் கதை தமிழுக்கு வர 38 வருஷம்! அதன் பலம் அழகியலில் இல்லை. முன்பணம், கடன், காய்ச்சல், சாவு என்ற கணக்கில் இருக்கிறது. அங்கே யாரையும் 'விதி' கொல்வதில்லை; ஒரு ஏற்பாடு கொல்கிறது.

கணக்கு எழுதினால் இலக்கியம் பிரச்சாரமாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் வேறு. படகரின் துக்கம் ஒரு பிரதியாகவும், கூலியின் துக்கம் இன்னொரு பிரதியாகவும் தனித்தனியே கிடக்கிற வரையில், இரண்டையும் உண்டாக்கிய ஏற்பாட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. சிறு விவசாயி பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு நிற்கிறார். அவர் தோட்டத்தில் பறிக்கிற அம்மா கூலி கேட்டு நிற்கிறார். இரண்டு பேர் தலைக்கு மேலேயும் ஒரே மண்திட்டுதான். இந்த மூன்றையும் ஒரே கதையில் வைக்கிற எழுத்து வேணும். கொழுந்து கிலோ என்ன விலைன்னு கேக்காம அதை எழுத முடியாது.