புள்ளி நிற்கும் இடம்: பிக்சல் உருவப்படங்களில் நிழலும் டித்தரிங்கும்

குறைந்த வண்ணங்களைக் கொண்டு நிறைந்த வண்ணங்கள் இருப்பதுபோலக் காட்டும் உத்தியே டித்தரிங் என்பது பொதுவாக வழங்கிவரும் விளக்கம். இரு வண்ணப் புள்ளிகளைச் சதுரங்கக் கட்டம்போல் மாற்றி மாற்றி வைத்தால், சற்றுத் தொலைவிலிருந்து காணும் கண் அவற்றைக் கலந்து மூன்றாவது வண்ணமாக உணர்கிறது. இவ்விளக்கம் தவறன்று, முழுமையானதும் அன்று. வானத்துக்கும் சுவருக்கும் பொருந்தும் இது, முகத்திடம் வரும்போது இடறுகிறது. ஒரு புள்ளி மிகுந்தாலும் குறைந்தாலும் சுவர் சுவரே. முகத்திலோ ஒரு புள்ளி கண்மணியாகலாம். இதழோரத்தில் அமர்ந்து புன்னகையை ஏளனமாக்கலாம். அங்கே புள்ளி நிழலின் துகளாகவும் உறுப்பின் குறியாகவும் ஒருசேர நிற்கிறது. ஆகவே உருவப்படத்தில் முதலில் நோக்கவேண்டியது, புள்ளியிடாமல் விடப்பட்ட இடமே.

மெக்கின்டோஷ் கணினிக்குச் சூசன் கேர் வரைந்த ஸ்டீவ் ஜாப்ஸின் சிற்றுருவம் இதற்கு எல்லைநிலைச் சான்று. பக்கத்துக்கு 32 எனக் கட்டத்தில் மொத்தம் 1024 புள்ளிகள். கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டே நிறங்கள். சாம்பல் நிறம் காட்டவேண்டுமெனில் டித்தரிங் ஒன்றே வழி. எனினும் முகப்பரப்பு வெண்மையாகவே விடப்பட்டுள்ளது. குறும்புச் சிரிப்பும் தலைமுடியும் ஆளை அடையாளம் காட்டிவிடுகின்றன. கன்னத்தில் நிழலிட்டிருந்தால் அச்சிரிப்பு நிழலுக்குள் கரைந்திருக்கும். நிறம் குறைந்தவிடத்தில் டித்தரிங் தானே தோன்றும் என்ற கருத்து இங்கேயே தளர்கிறது.

கணக்குமுறையிலும் இதே சிக்கல் உண்டு. ஃபிளாய்டும் ஸ்டைன்பர்க்கும் 1976இல் வெளியிட்ட பிழைபரப்பு முறை, ஒரு புள்ளியைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ முடிவுசெய்தபின் எஞ்சும் பிழையை அண்டைப் புள்ளிகள் நான்குக்கும் பதினாறில் 7, 3, 5, 1 பங்குகளாகப் பகிர்ந்தளிக்கிறது. பிழை சிறிதும் கைவிடப்படுவதில்லை, கணக்கு நேர்மையானது. ஆனால் ஒரே அளவில் ஒளி படர்ந்த கன்னத்தில் அது புழு நெளிவதுபோன்ற வரிகளைத் தோற்றுவிக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய பில் அட்கின்சன், ஆறு புள்ளிகளுக்கு எட்டில் ஒரு பங்கு வீதம் அளித்து, எஞ்சிய கால் பங்கைக் கைவிட்டார். இதனால் மிக வெளிர்ந்த பகுதி வெண்மையாகவும் மிக இருண்ட பகுதி கருமையாகவும் ஒதுங்கிவிடுகின்றன. கணக்கின் அளவில் இது இழப்பு. முகத்தின் அளவில் இதுவே பேறு: ஒளி விழுந்த நெற்றியும் மூக்குத்தண்டும் புள்ளிகளின் இரைச்சலிலிருந்து விடுபடுகின்றன. கேர் கையால் செய்த விலக்கலை அட்கின்சனின் முறை, தான் அறியாமலேயே, ஓரளவு செய்கிறது எனலாம்.

ஜப்பானில் என்.இ.சி. நிறுவனத்தின் பி.சி.-98 வரிசைக் கணினிகளுக்கு வரையப்பட்ட கதை விளையாட்டுகளின் உருவப்படங்களில் இக்கலை முதிர்ச்சி பெற்றது. 640×400 புள்ளித் திரை. 4096 வண்ணங்களில் ஒரு நேரத்தில் 16. அந்தப் பதினாறும் தலைமுடி, உடை, பின்னணி அனைத்துக்கும் பங்கிடப்படுவதால் தோலுக்கு எஞ்சுபவை சிலவே. சிறந்த படங்களில், கழுத்தின் நிழலிலும் கன்னத்தின் விளிம்பிலும் ஒளியளவில் நெருங்கிய இரு தோல்நிறங்கள் கலக்கப்படுகின்றன. அங்கே புள்ளி அடங்கி மென்மையாகிறது. உடையில் ஒளியளவு விலகிய நிறங்கள் மோதுகின்றன. அங்கே புள்ளி துருத்தி நின்று நெசவாகிறது. கண்களும் இதழும் தெளிந்த வண்ணப் பரப்புகளாகவே நிற்கின்றன. திறன் குறைந்த படங்களோ ஒளி வரும் திசையைக் கருதாமல் முகத்தின் விளிம்பு முழுவதும் நிழலிட்டுத் தலையணைபோல் உப்பவைக்கின்றன. எத்தனை புள்ளி தூவினும் அக்குறை மறைவதில்லை.

பழைய குழாய்த்திரைகள் புள்ளிகளைக் கலந்துவிடும், கலைஞர்கள் அதை நம்பியே வரைந்தனர் என்னும் கூற்று அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. 1991இல் வெளிவந்த சோனிக் விளையாட்டின் அருவிக்கு இது பொருந்தும். தொலைக்காட்சிக்குக் கலவைக் குறிகையில் அனுப்பப்பட்ட செங்குத்துக் கோடுகள் அங்கே உண்மையிலேயே ஒன்றோடொன்று கரைந்தன. பி.சி.-98 இணைக்கப்பட்டதோ மூவண்ணக் குறிகைகளையும் தனித்தனியே பெறும் கணினித்திரையுடன். அங்கே புள்ளி சிறிதாயினும் மங்கவில்லை. ஒரு பொறிக்கு உரியதை எல்லாப் பொறிக்கும் ஏற்றிக்கூறும் இவ்விளக்கம், கலைஞன் காணவே வைத்த புள்ளியைத் திரையின் குறையாக மாற்றிவிடுகிறது.

இம்மயக்கத்தின் விளைவு ஆய்விலும் தென்படுகிறது. மென்மையாக்கும் வடிகட்டியிட்டு உருப்பெருக்கிய படத்தில் கழுத்து நிழலும் உடை நெசவும் ஒரே குழைவாகிவிடுகின்றன. முழுவெண்ணால் அன்றி ஒன்றரை மடங்காகப் பெருக்கினால் சில புள்ளிகள் பருத்தும் சில மெலிந்தும், மூலத்தில் இல்லாத கட்டக்கோடுகள் முகத்தில் ஓடுகின்றன. ஜேபெக் வடிவில் சேமித்தால் தெளிந்து நின்ற கண்ணைச் சுற்றியும் அழுக்குப் படிகிறது. இத்தகைய படியை வைத்து ஓர் ஓவியரின் நிழலைப் பாராட்டுவதும் பழிப்பதும், பாடபேதம் நோக்காமல் உரையெழுதுவதை ஒக்கும்.