ஆண்டவன் வீட்டில் என் இடம்: தமிழ்த் தன்வரலாறுகளில் நம்பிக்கை

தமிழில் தம் நம்பிக்கையைப் பற்றித் தாமே எழுதியவர்களை வரிசையாகப் படித்துவந்தால் ஒன்று புலப்படும். கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வி அவர்களை அவ்வளவாக அலைக்கழிப்பதில்லை. ஆண்டவன் சந்நிதியில் எனக்கு இடம் எங்கே, என் பக்கத்தில் யார் உட்காருவார், செத்தால் என்னை எந்தக் கல்லறையில் புதைப்பார்கள் என்பவையே அவர்களை உறங்கவிடாத கேள்விகள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான எழுத்தில் இந்தக் கேள்விகள் எப்படி உருமாறி வந்திருக்கின்றன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). திருநெல்வேலிச் சீமையில், கம்பனை ஓதிய வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். தாம் கிறிஸ்தவரான வரலாற்றை முதுமையில் எழுதினார். 1894இல் நூலாக வந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’, ஜான் பனியன் சொன்ன ஆங்கிலக் கதையைக் கம்பனின் விருத்தத்தில் பாடுகிறது. மதம் மாறியும் மொழியின் பக்தி மரபைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. இரண்டையும் சேர்த்தே சுமந்தார்.

அயோத்திதாசர் (1845–1914) எதிர்த்திசையில் நடந்தவர். 1898இல் இலங்கைக்குச் சென்று பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். தாழ்த்தப்பட்டோர் ஆதியில் பௌத்தர்களே என்பது அவர் வாதம். ஆகவே அவருக்குப் பௌத்தம் புது மதம் அல்ல, பறிபோன வீடு. தன்வரலாறு என்று அவர் தனியே எழுதவில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் தன்வரலாற்றையே எழுத முயன்றார் என்று அவரது பக்கங்களைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

மதம் மாறினால் சாதி விடுமா? நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில் இதற்கு ஒரு விடையைக் கல்லிலேயே எழுதி வைத்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கோயிலை இரண்டு கவையாகப் பிரித்துக் கட்டினார்கள். ஒரு கவையில் வேளாளர், மறு கவையில் நாடார், நடுவே சுவர். இரு தரப்புக்கும் பீடம் ஒன்றுதான். ஒரே அப்பத்தை வாங்கினாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910இல் சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வேளாளர் வழக்காடித் தோற்றனர்.

அந்தச் சுவரின் நிழலைக் குழந்தைக் கண்ணால் பார்த்துச் சொன்ன நூல், தலித் கத்தோலிக்கரான பாமாவின் ‘கருக்கு’ (1992). பள்ளி விட்டு வரும் சிறுமி ஒரு காட்சியைக் காண்கிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர் எண்ணெய் ஊறிய பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கி வருகிறார். அதைக் குனிந்து நின்று நாயக்கரிடம் கொடுக்கிறார். வேடிக்கையாய் இருக்கிறதே என்று சிறுமி சிரிக்கிறாள். தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படித் தூக்கினார் என்று அண்ணன் சொன்னதும் சிரிப்பு நின்றுபோகிறது. படித்தால்தான் மீட்சி என்று அண்ணன் சொன்ன புத்தியைப் பிடித்துக்கொண்டே அவள் மேலேறுகிறாள்.

ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரத்தான் பாமா கன்னியாஸ்திரீ ஆனார். மடத்துக்குள் கண்டதோ வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியும், தன் சனத்தைப் பற்றிய ஏளனப் பேச்சும். வார்த்தைப்பாட்டை விட்டு வெளியே வந்தார். வேலை இல்லை, கையில் காசு இல்லை, ஊருக்குள்ளும் ஒட்ட முடியவில்லை. இவ்வளவுக்கும் பிறகு அவர் இயேசுவை விடவில்லை என்பதுதான் நூலின் உயிர். குருக்கள் காட்டிய சாந்தசொரூபியைத் தள்ளிவைத்து, அநீதியைக் கண்டு கோபப்பட்ட இயேசுவைத் தானே வேதாகமத்தில் தேடி எடுத்துக்கொள்கிறார். இதைவிட ஆழமான விசுவாச அறிக்கையைத் தற்காலத் தமிழில் நான் படித்ததில்லை.

பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் எழுதிய தன்வரலாற்று நாவல் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) அதே மண்ணிலிருந்து வேறு முடிவுக்கு வருகிறது. படித்துப் பட்டம் வாங்கிய சிலுவைராஜ் வேலைக்காக இந்துவாக மாறுகிறான். காரணம், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இடஒதுக்கீட்டுக்கான பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியேதான். தெருவில் தீண்டாமை அவர்களை விடவில்லை. சான்றிதழில் மட்டும் அவர்கள் தீண்டப்படாதவர்களாக இருந்ததே இல்லை. ஒரு மனிதனின் நம்பிக்கை தாலுகா ஆபீஸ் முத்திரையில் வந்து நிற்கும் அவலத்தை இந்த நாவல் போல் வேறெதுவும் காட்டவில்லை.

கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ (2005) இன்னொரு பக்கத்தைத் திறக்கிறது. தலித் சிறுவனான அவரிடம் இளையான்குடி முஸ்லிம்கள் உறவுமுறை சொல்லிப் பழகுகிறார்கள். சுற்றுக் கிராமத்துக்குப் போனால் சாதி முன்னே வந்து நிற்கிறது. மனிதனை மனிதனாக நடத்தும் அண்டைவீடுதான் அந்தச் சிறுவன் கண்ட முதல் வேதம்.

பெண்ணுக்கு இடம் என்பது இன்னும் குறுகலானது. துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்ததும் படிப்பு நிறுத்தப்பட்ட சல்மா, புனைபெயருக்குள் ஒளிந்து எழுதினார். ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) தொழுகையையும் நோன்பையும் வெறுக்கவில்லை. அவற்றின் பெயரால் சாத்தப்படும் கதவுகளைத்தான் எண்ணிக் காட்டுகிறது. திருநங்கையரின் தன்வரலாறுகளான லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ (2007), ரேவதியின் ‘வெள்ளை மொழி’ (2011) ஆகியவற்றில் பெற்ற வீடே அடித்துத் துரத்துகிறது. துரத்தப்பட்டவர்களுக்குத் திருநங்கையர் கூட்டுக் குடும்பமான ஜமாத்தில் குரு தாயாகிறார். நிர்வாணம் என்று அவர்கள் சொல்லும் ஆணுறுப்பு நீக்கத்துக்குப் பின் நாற்பதாம் நாள் சடங்கில், அவர்கள் வணங்கும் தெய்வமான மாதாவின் முன் ஒரு பெண் பிறக்கிறாள்.

இத்தனை வளத்துக்கு நடுவே ஒரு பெரிய குறை உண்டு. அடிபட்டவர்கள் எழுதிவிட்டார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் தம் நம்பிக்கையை இதே நேர்மையோடு சோதித்து எழுதிய நூல்கள் அரிது. நூலைப் பிடித்துத் தூக்கிவந்த பொட்டலத்தை வாங்கித் தின்றவர் வீட்டிலும் பூஜையறை இருந்திருக்கும். அங்கே என்ன வேண்டிக்கொண்டார்கள், பேரப்பிள்ளைகளுக்கு இன்று அது எப்படி நினைவிருக்கிறது? அந்தத் தன்வரலாறுகள் வராதவரை நம் ஆன்மிக இலக்கியம் பாதிதான். எழுதப்பட்ட பாதி நமக்கு ஒன்றைத் திட்டமாகச் சொல்லிவிட்டது: தன்னை ஒதுக்கிய கோயிலைவிட, ஒதுக்கப்பட்டவர் காப்பாற்றி வைத்த கடவுள் பெரியவர்.