தொடர் முழுதுமா, இரண்டே டெஸ்ட்டா?

வெளிநாட்டுக்குப் போய் இந்திய அணியின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் பயணம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அணி ஜெயித்திருந்தால் ‘பிரமாதம்’ என்பார். தோற்றிருந்தால் ‘காசுக்குப் பிடித்த கேடு’ என்பார். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு அடுத்த பயணத்தைத் திட்டமிட முடியாது. ஆட்டத்தின் முடிவு நம் கையில் இல்லை. எந்த நாடு, எந்த ஆட்டம், எத்தனை நாள், என்றைக்குத் திரும்புவது ஆகிய நான்கும்தான் நம் கையில் உள்ளவை. ஆகவே, எல்லாம் கெட்டுப்போனாலும் எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்துத்தான் ஒரு பயணத் திட்டத்தை மதிப்பிட வேண்டும்.

சென்னையிலிருந்து கிளம்பும் ரசிகர் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் உண்டு: உலகக் கோப்பை போன்ற பெரிய போட்டி, ஒரே ஒரு டெஸ்ட், தொடர் முழுவதும், அடுத்தடுத்த இரண்டு டெஸ்ட். இவற்றை மூன்று கேள்விகளில் உரசிப் பார்க்கலாம். பணம் கட்டும் நாளில் நம் அணி எங்கே, என்றைக்கு ஆடும் என்பது உறுதியா? ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் என்ன மிஞ்சும்? கடைசி நாள்வரை இழுத்தால் இருந்து பார்க்க முடியுமா?

முதல் கேள்வியிலேயே உலகக் கோப்பை தடுமாறிவிடுகிறது. 2019-ல் இந்திய ரசிகர்கள் பலர் லார்ட்ஸ் இறுதி ஆட்டத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்கள். மான்செஸ்டர் அரையிறுதியில் நியூசிலாந்திடம் இந்தியா தோற்றது. வராத ரசிகர்கள் டிக்கெட்டுகளை அதிகாரப்பூர்வ மறுவிற்பனைத் தளத்தில் போட்டுவிடுங்கள் என்று நியூசிலாந்து வீரர் ஜிம்மி நீஷமே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் குழப்பம் இன்னும் ஒரு படி மேலே போனது. இந்தியா துபாயில் மட்டுமே ஆடும் என்பதால், இறுதி ஆட்டம் லாகூரிலா துபாயிலா என்பதே இந்தியா அரையிறுதியில் ஜெயிக்கிறதா என்பதைப் பொறுத்து நின்றது. அரையிறுதியில் எதிராளி யார் என்று தெரியாமல் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என இரண்டு அணிகளும் துபாய்க்குப் பறந்தன. தென்னாப்பிரிக்கா திரும்பவும் லாகூருக்குப் போக வேண்டியதாயிற்று. அணிகளுக்கே இந்த அலைச்சல் என்றால் சொந்தக் காசில் போகிற ரசிகர் என்ன செய்வார்?

லீக் ஆட்டத்துக்குப் போகலாமே, அதன் தேதியும் ஊரும் முன்பே தெரியுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2024 டி20 உலகக் கோப்பையில் இந்தியா, பாகிஸ்தான் ஆட்டம் ஜூன் 9 அன்று நியூயார்க் அருகே நாசாவ் கவுன்டியில் நடக்கும் என்பது மாதங்களுக்கு முன்பே தெரியும். ஆனால் அமெரிக்க விசா நேர்காணலுக்கே நம் ஊரில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே 34,000 பேர் உட்காரும் தற்காலிக அரங்கம். இந்தியா 119 ரன்னுக்கு ஆல் அவுட். ஆறு ரன்னில் வெற்றி. விறுவிறுப்பான ஆட்டம்தான். ஆனால் உலகத்தின் மறுகோடிக்குப் பறந்தவருக்குக் கிடைத்தது ஒரு பகலில் சில மணி நேரம். அதே போட்டியின் இறுதி ஆட்டத்தை பார்படாஸில் இந்தியா ஜெயித்தபின் பெரில் புயல் வந்தது. விமான நிலையம் மூடப்பட்டு, கோப்பையைக் கையில் வைத்திருந்த அணியே ஓட்டலில் அடைந்து கிடந்து, ஜூலை 4 அன்றுதான் டெல்லி வந்து சேர்ந்தது.

சரி, டெஸ்ட். ஒரே ஒரு டெஸ்ட்டுக்குப் போவதில் விடுப்பும் செலவும் குறைவு. அதன் ஆபத்து என்னவென்று 2024 ஜனவரியில் கேப் டவுன் காட்டிவிட்டது. முதல் நாளில் மட்டும் 23 விக்கெட். சிராஜ் 15 ரன் கொடுத்து ஆறு விக்கெட் எடுக்க, தென்னாப்பிரிக்கா 55-க்குச் சுருண்டது. இந்தியாவோ 153 ரன்னில் நின்றபடியே, ஒரு ரன்கூடச் சேர்க்காமல், கடைசி ஆறு விக்கெட்டையும் பறிகொடுத்தது. மறுநாளே ஆட்டம் முடிந்தது. வீசப்பட்டவை மொத்தம் 642 பந்துகள். முடிவு கண்ட டெஸ்ட்களில் இதைவிடக் குறைந்த பந்துகளில் முடிந்தது வேறில்லை. இந்தியா ஏழு விக்கெட்டில் ஜெயித்தது என்பது வேறு விஷயம். ஐந்து நாளுக்குத் திட்டமிட்டுப் போனவர் மீதி மூன்று நாளும் டேபிள் மலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆட்டமே நடக்காமல் போவதும் உண்டு. 2021 செப்டம்பர் 10 அன்று மான்செஸ்டரில் ஐந்தாவது டெஸ்ட் தொடங்க இருந்தது. இந்திய முகாமில் கொரோனா பரவல் அச்சத்தால் அன்று காலையில் ரத்தானது. அடுத்த ஆண்டு ஜூலையில் பர்மிங்காமில் அதை நடத்தினார்கள். இப்படிப்பட்ட சமயத்தில் டிக்கெட் பணம் திரும்பிவிடும். ஆனால் நெடுந்தூரப் பயணத்தின் செலவுக் கணக்கில் டிக்கெட்தான் சின்னத் தொகை. விமானக் கட்டணமும் ஓட்டல் வாடகையும் திரும்புவதில்லை.

நட்சத்திரத்தை நம்பி ஒரு டெஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பவர் நிலை இதைவிட மோசம். 2025 இங்கிலாந்துத் தொடர் ஜூன் 20 அன்று தொடங்கியது. ரோகித் சர்மா மே 7 அன்றும், விராட் கோலி மே 12 அன்றும் டெஸ்ட்டிலிருந்து விலகினார்கள். அதற்குப் பல மாதம் முன்பே டிக்கெட் விற்பனை நடந்திருந்தது. தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் அஸ்வின். 2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேன் டெஸ்ட் டிரா ஆனதும், தொடரின் நடுவிலேயே ஓய்வை அறிவித்துவிட்டு மறுநாளே சென்னை திரும்பிவிட்டார். அடுத்த டெஸ்ட்டில், மெல்போர்னில், அவர் பந்து வீசுவார் என்று நினைத்து டிக்கெட் வாங்கியவர் யாரிடம் போய்க் கேட்பார்?

தொடர் முழுவதையும் பார்ப்பதே உத்தமம் என்பது ரசிகர்களின் பழைய கனவு. அந்தக் கனவை அலட்சியமாக ஒதுக்க முடியாது. 2025 ஜூலையில் லார்ட்ஸில், ஜடேஜா மறுமுனையில் நிற்க, கடைசி ஆட்டக்காரரான சிராஜ் தடுத்தாடிய பந்து உருண்டுபோய் ஸ்டம்பில் பட்டது. இந்தியா 22 ரன்னில் தோற்றது. ஓவலில் நான்காம் நாள், ஹாரி புரூக் 19 ரன்னில் இருந்தபோது தூக்கியடித்த பந்தைப் பிடித்த சிராஜ், எல்லைக் கயிற்றை மிதித்துவிட்டார்; புரூக் 111 அடித்தார். மறுநாள் அதே சிராஜ்தான் கடைசி விக்கெட்டை எடுத்து ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார். லார்ட்ஸிலும் ஓவலிலும் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும்தான் அந்தக் கடைசி விக்கெட்டின் முழு எடையும் நேரில் தெரிந்திருக்கும்.

ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 2024-25 ஆஸ்திரேலியத் தொடர் அட்டவணைப்படி நவம்பர் 22 முதல் ஜனவரி 7 வரை, 47 நாள். பெர்த் நாலு நாளிலும் அடிலெய்டு மூன்று நாளிலும் சிட்னி மூன்று நாளிலும் முடிந்தன. பிரிஸ்பேனில் முதல் நாள் மழையால் 13.2 ஓவர்தான் வீச முடிந்தது. மொத்தத்தில் ஆட்டம் நடந்தது 20 நாள். மீதி 27 நாளும் ஓட்டல் வாடகை, சாப்பாடு, நகரத்துக்கு நகரம் விமானம். 2025-ல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட்டும் ஐந்தாம் நாளைத் தொட்டன. அப்படியிருந்தும் 46 நாளில் 25 நாள்தான் கிரிக்கெட். லண்டனிலோ மெல்போர்னிலோ பிள்ளை வீட்டில் தங்கக்கூடிய, பணி ஓய்வு பெற்றவருக்கு இது சரிப்படும். விடுப்பை எண்ணி எடுக்கிறவருக்குச் சரிப்படாது.

இனி நான்காவது வழி. 2025-ல் எட்ஜ்பாஸ்டன், லார்ட்ஸ் டெஸ்ட்கள் ஜூலை 2 முதல் 14 வரை: 13 நாளில் 10 நாள் ஆட்டம். மான்செஸ்டர், ஓவல் டெஸ்ட்களும் ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 4 வரை அதே 13 நாள், அதே 10 நாள் ஆட்டம். மெல்போர்ன், சிட்னியில் 13 நாள் திட்டத்தில் 8 நாள் ஆட்டம். படுமோசமான உதாரணத்தையும் மறைக்கக் கூடாது: தென்னாப்பிரிக்காவில் செஞ்சூரியன் டெஸ்ட் மூன்று நாளில் முடிய, அடுத்து கேப் டவுன் இரண்டே நாள், ஆக, 13 நாளில் ஐந்து நாள் ஆட்டம்.

போகவர நான்கு நாள் என்று சேர்த்துக்கொண்டால், ஒற்றை டெஸ்ட்டுக்கு ஒன்பது நாள் செலவழித்து இரண்டு முதல் ஐந்து நாள் ஆட்டம் பார்க்கிறோம். இரட்டை டெஸ்ட்டுக்குப் பதினேழு நாளில் ஐந்து முதல் பத்து. விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரட்டை டெஸ்ட்டே மேல் என்பதற்குக் காரணங்கள் வேறு. விமானக் கட்டணம் ஒருமுறைதான். ஒரு ஆட்டம் கவிழ்ந்தால் இன்னொன்று ஈடுகட்டும். ஒரே நாடு என்பதால் ஒரே விசா. இடையில் கிடைக்கும் மூன்று நான்கு நாள் ஊர் பார்க்கப் போதும், அலுக்குமளவு நீளாது.

தொடர் முன்பே முடிவாகிவிட்டால்? 2011-ல் இங்கிலாந்திலும் 2011-12-ல் ஆஸ்திரேலியாவிலும் இந்தியா 0-4 என்று தோற்றது. கடைசி டெஸ்ட்டுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தவர்கள் முடிந்துபோன தொடரின் மிச்சத்தைத்தான் பார்த்தார்கள். ஐந்து டெஸ்ட் தொடரில் மூன்றாவது டெஸ்ட் முடிவதற்கு முன் தொடர் யார் பக்கமும் முடிவாகாது. ஆகவே இரண்டாவதும் மூன்றாவதும் எப்போதும் உயிருள்ள ஆட்டங்கள். இங்கிலாந்துப் பயணத்துக்கு இதையே விதியாகக் கொள்ளலாம். 2025-ல் அவை நடந்த பர்மிங்காமிலிருந்து லண்டன் ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான்.

ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் விலக்கு. மெல்போர்னில் டிசம்பர் 26 அன்று தொடங்கும் டெஸ்ட், தொடரின் நிலவரம் எப்படியிருந்தாலும் ஒரு திருவிழா. 2024-ல் அந்த ஐந்து நாளில் 3,73,691 பேர் வந்தார்கள். பிராட்மேன் ஆடிய 1936-37 ஆஷஸ் டெஸ்ட்டின் கூட்டத்தைவிட அதிகம். அடுத்து சிட்னியில் புத்தாண்டு, பிறகு ஜனவரி முதல் வாரத்தில் டெஸ்ட். நம் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையோடு ஒத்துப்போவதால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மெல்போர்ன் தோதானது. அந்த வாரத்தில் ஓட்டல் விலை உச்சத்தில் இருக்கும் என்பதுதான் குறை.

மூன்றாவது கேள்வி மிச்சம் இருக்கிறது: கடைசிவரை இருக்க முடியுமா? 2025 ஓவல் டெஸ்ட்டின் நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சக் குறைவாலும் மழையாலும் ஆட்டம் நின்றபோது இங்கிலாந்துக்குத் தேவை 35 ரன், கையில் நான்கு விக்கெட். திங்கட்கிழமை காலை முதல் இரண்டு பந்துகளிலும் ஓவர்டனுக்கு பவுண்டரி கிடைத்தது. பிறகு சிராஜ் ஸ்மித்தை எடுத்தார், ஓவர்டனையும் எடுத்தார். தோள்பட்டை நழுவிய வோக்ஸ், கட்டுப்போட்ட இடது கையை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையில் மட்டையோடு இறங்கினார். சிராஜின் யார்க்கர் அட்கின்சனின் ஸ்டம்பைச் சாய்த்தபோது வித்தியாசம் ஆறு ரன். அன்றைய ஆட்டம் ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஞாயிறு இரவே விமானம் ஏறியிருந்தவர், நான்கு நாள் பார்த்த ஆட்டத்தின் முடிவைச் சென்னையில் இறங்கி செல்போனில்தான் பார்த்திருப்பார். ஒரு நாள் ஓட்டல் வாடகையை மிச்சம் பிடிக்கப் போய்ப் பயணத்தின் பயனையே இழப்பது என்பது இதுதான்.

ஆகவே தீர்ப்பு: நெடுந்தூரப் பயணத்துக்கு அடுத்தடுத்த இரண்டு டெஸ்ட்களே சரி. இங்கிலாந்தில் இரண்டாவதும் மூன்றாவதும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னும் சிட்னியும். தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறவர் பாதி நாள் ஊர் பார்க்கவே என்று முன்பே மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளட்டும். ஆட்டக்காரரை நம்பி டிக்கெட் வாங்க வேண்டாம். முதல் மூன்று நாள் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். பிந்தைய நாள்களுக்கு ஆட்டத்தின் போக்கைப் பார்த்து எடுக்க வழியிருக்கிறதா என்று விசாரியுங்கள். ஓட்டல், ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும். 2027-ல் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா மூன்று நாடுகளில் நடக்கவிருக்கும் உலகக் கோப்பைக்குப் போகத்தான் வேண்டுமென்றால் லீக் ஆட்டங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறுதி ஆட்டத்தை வீட்டில் பாருங்கள். எந்தத் தொடரானாலும் அட்டவணை வந்தவுடன் முதலில் முடிவு செய்ய வேண்டியது திரும்பும் தேதியை: இரண்டாவது டெஸ்ட்டின் ஐந்தாம் நாளுக்கு மறுநாள், அதற்கு முன்னால் வேண்டாம்.