ஆயி கதையில் தூர் வாரியது யார்?

புதுச்சேரி அரசின் சின்னத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அதில் இருப்பது ஆயி மண்டபம். பாரதி பூங்கா நடுவே வெள்ளையாக நிற்குமே, அதேதான். தண்ணீர் தந்த ஒரு பெண்ணின் நினைவை ஓர் அரசு தன் முத்திரையாக வைத்திருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையை ஒரு சிறுகதை மாதிரி வரி வரியாகப் படித்துப் பார்த்தால் எனக்குச் சில இடங்களில் இடிக்கிறது.

கதை இதுதான். கிருஷ்ணதேவராயர் முத்திரையர்பாளையம் பக்கம் வருகிறார். (ராயர் இல்லை, அவருடைய ஆள் என்று சொல்பவர்களும் உண்டு.) விளக்கொளியில் மின்னும் ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டு விடுகிறார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம், இடிக்க உத்தரவு. நானே இடித்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிய ஆயி, அந்த இடத்தில் குளம் வெட்டுகிறாள். சுமார் 300 வருடம் கழித்து, 1860களில், பிரெஞ்சுப் பொறியாளர் லாமரேஸ் அங்கிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார். மூன்றாம் நெப்போலியன் விவரம் கேட்டு நெகிழ்ந்து மண்டபம் எழுப்பச் சொல்கிறார்.

இதைத் தியாகக் கதை என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வீடு எப்படியும் போகப்போகிறது. கடப்பாரை யார் கையில் இருக்கும் என்பது மட்டும்தான் அவளுக்குக் கிடைத்த சுதந்திரம். அந்த இக்கட்டிலும் ஊருக்கு உபயோகமாக ஒன்றைச் செய்தாளே, அங்கேதான் அவள் பெரிய மனுஷி. தியாகம் என்று பூசி மெழுகும்போது ராஜா தப்பித்துக்கொள்கிறார்.

இதைவிடப் பெரிய ஓட்டை நடுவில் இருக்கும் 300 வருடம். ஏரியோ குளமோ, வருடா வருடம் மழைத் தண்ணீர் வண்டல் கொண்டுவந்து கொட்டும். கரை அரிக்கும், வரத்து வாய்க்காலில் புதர் மண்டும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக மேடாகிவிடும். அப்படியிருக்க, லாமரேஸ் வரும்போது அங்கே தண்ணீர் இருந்தது என்றால் யாரோ தூர் வாரியிருக்கிறார்கள், யாரோ கரை கட்டியிருக்கிறார்கள். கதையில் அவர்கள் ஒருவரும் இல்லை. நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன், எனக்கு இது பழகிய விஷயம். ரிலீஸ் அன்றைக்குக் கேக் வெட்டுவோம். அதற்கப்புறம் நாலு வருடம் ராத்திரி எழுந்து சர்வரைப் பார்த்தவன் பெயர் எந்த ஸ்லைடிலும் வராது.

பாகூர் பக்கமும் இதே அச்சில் ஒரு கதை ஓடுகிறது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். பங்காரு, சிங்காரி என்று இரண்டு தாசிச் சகோதரிகள், தங்கள் செல்வத்தைப் போட்டு வாய்க்கால் வெட்டினார்கள் என்பார்கள். இதை முழுக் கற்பனை என்று தள்ளவும் முடியாது. சோழர் கல்வெட்டுகளில் கோயில் பெண்கள் கொடையாளிகளாக நிறையவே வருகிறார்கள். லெஸ்லி ஓர் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஆக, கொடுத்தது நிஜமாக இருக்கலாம். கொடுத்ததோடு கதை முடிந்துவிடுகிறது என்பதுதான் என் குறை.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். பராந்தக சோழன் காலம், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். அதில் ஏரி வாரியம் என்று தனிக் குழு, அதற்குக் குடவோலையில் ஆள் தேர்வு, யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, எத்தனை நாள் பதவி. படித்தால் கண்ணீர் வராது, சினிமா எடுக்க முடியாது. ஆனால் ஏரியைக் காப்பாற்ற வேண்டிய விவரம் முழுக்க அதில்தான் இருக்கிறது. நம்ம ஊரிலும் பிரெஞ்சுக் காலத்தில் விவசாயிகளே பணம் போட்டு ஏரியைப் பராமரித்த சிந்திக்கா அமைப்புகள் இருந்தன. பிறகு ஏரிகள் பொதுப்பணித்துறை கைக்குப் போயின. ஊர்க்காரர்கள் மனு கொடுப்பவர்கள் ஆனோம். ஐரோப்பிய ஒன்றிய நிதியில் 1999 வாக்கில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் வந்தபோது இங்குள்ள 84 ஏரிகளுக்கும் மறுபடி பயன்படுத்துவோர் சங்கம் அமைக்க வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தில் தூர் வாரியதைவிட இதைத்தான் நான் முக்கியம் என்பேன்.

குடிக்கிற தண்ணீருக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கிராமங்களில் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர். ஏரி நின்றால்தான் அடியில் ஊறும். நாம் உறிஞ்ச உறிஞ்ச, கடலோரம் உப்பு உள்ளே வரும். அப்புறம் தீர்வு என்று தெருமுனையில் ஆர்.ஓ. மெஷின் வரும். எங்கள் தெருவில் ஒன்று வந்தது. ரிப்பன் வெட்டினார்கள், பெயர்ப் பலகை வைத்தார்கள். ஃபில்டர் மாற்ற ஆள் வைக்கவில்லை. ஒரு நாள் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தேன், வீட்டுக் குழாயில் என்ன எண்ணோ அதே எண். கொஞ்ச மாதத்தில் மெஷின் நின்றது, பலகை இன்னும் பளபளவென்று இருக்கிறது. யாரும் கோபப்படக்கூட இல்லை. "இலவசமா குடுத்தாங்க, இவ்ளோதான் வரும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். ஆயி கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குத் தண்ணீர் என்றால் யாராவது மனசு வைத்துக் கொடுப்பது. கொடுத்தவரிடம் கணக்குக் கேட்கக் கூச்சம்.

எங்கள் ஊர்ப் பெயரை மதகு, அடி, பட்டு என்று பிரித்துத்தான் நான் படிக்கிறேன். மதகின் கீழ் அமைந்த ஊர். மதகைத் திறந்து மூட ஒரு ஆள் இருந்திருப்பார், அவருக்கு அறுவடையில் இத்தனை மரக்கால் என்று பங்கு இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமை சந்தையில் வயசானவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், எந்த மதகு என்பதிலேயே மூன்று பதில் வந்தது. உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் தாத்தா ஏரிக்குப் பணம் கட்டிய பிரெஞ்சு ரசீது ஏதாவது கிடந்தால் ஒரு போட்டோ அனுப்புங்கள். அடுத்த குறிப்பை அதிலிருந்து தொடங்குகிறேன்.